லினக்ஸில் எடிட்டர் சண்டித்தனம் செய்தால் எங்கே பார்ப்பது

நிரல் எழுத எந்த எடிட்டர் நல்லது என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்கு எடிட்டரில் கோளாறே இருக்காது. கோளாறு கோப்பில் இருக்கும், இல்லையென்றால் எழுத்துருவில், கீபோர்டு அமைப்பில், அல்லது எடிட்டரை எந்த வழியில் இன்ஸ்டால் செய்தார்கள் என்பதில் இருக்கும். கண்ணெதிரே நிற்பது எடிட்டர் என்பதால் திட்டு அதற்கு விழுகிறது. அதைத் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போடுகிறார்கள், கொஞ்ச நாளில் அதே கோளாறு அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோத்தகிரியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு லினக்ஸும் பைத்தானும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற லேப்டாப்கள் பெரும்பாலும் பழையவை, நெட் ஜன்னலோரம் வைத்த போனிலிருந்து வருகிறது, மழைக்காலத்தில் கரண்டுக்கு உத்தரவாதம் கிடையாது. கீழே இருப்பதெல்லாம் அந்த நிலைமையை மனதில் வைத்து எழுதியது. உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். ஃபெடோராக்காரர்கள் ஆப்ட் (நிரல்களை இன்ஸ்டால் செய்யும் கட்டளை) என்று வருகிற இடத்தில் டிஎன்எஃப் என்று படித்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

## திறக்கவே யுகமாகிறது, திறந்த பிறகு மவுஸ்கூட நகரவில்லை

முதலில் டெர்மினலில் "ஃப்ரீ ஹைஃபன் எச்" தட்டிப் பாருங்கள். கடைசிப் பத்தியில் அவைலபிள் என்று ஒரு எண் இருக்கும். அது சில நூறு எம்பிக்குக் கீழே போய், அடுத்த வரியில் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பிக்கொண்டிருந்தால் விஷயம் அவ்வளவுதான், ராம் போதவில்லை. பலர் போட்டிருக்கும் மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோட் எலக்ட்ரான் மேல் கட்டியது, அதாவது உள்ளுக்குள் ஒரு குரோமியம் பிரவுசரே ஓடுகிறது. பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸில் பத்து டேப் திறந்திருந்தால் 4 ஜிபி ராம் எந்த மூலைக்கு?

ஆனால் உடனே அழிக்க வேண்டாம். அதைத் திறக்கும் "கோட்" என்ற கட்டளையோடு "டிஸேபிள் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்ற கொடியைச் சேர்த்து (முன்னால் இரண்டு ஹைஃபன், சொற்களுக்கு நடுவில் ஒன்று) திறந்து பாருங்கள். வேகமாகத் திறந்தால் எடிட்டர் மேல் குற்றம் இல்லை, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் தின்கிறது. எது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கமாண்ட் பேலட்டில் (கண்ட்ரோல், ஷிஃப்ட், பி சேர்த்து அழுத்தினால் வரும் கட்டளைப் பெட்டி) எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, பாதியை அணைத்து "இப்போது சரியா" என்று கேட்கும், நீங்கள் பதில் சொல்லச் சொல்ல மறுபடி பாதியாக்கி, நாலைந்து கேள்வியில் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஹெல்ப் மெனுவில் இருக்கும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் எது எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று காட்டும். வகுப்புக்கு வரும் மெஷின்களில் இதைத் திறந்தால் பயன்படுத்தாத மொழிகளுக்கெல்லாம் லாங்குவேஜ் சர்வர் (எழுதும் நிரலைப் படித்துப் பிழையும் பரிந்துரையும் சொல்லும் துணை நிரல்) ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பையன் ஜாவா தொட்டதே இல்லை, ஆனால் யாரோ சொன்ன "எல்லாம் அடங்கிய பேக்" போட்டதில் அவனுக்கு ஜாவா சர்வர் தினமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு காரணம், ஹோம் அடைவை மொத்தமாக "ஓப்பன் ஃபோல்டர்" செய்வது. எடிட்டர் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் கண்காணிக்கப் பார்க்கும். லினக்ஸ் கர்னலில் அந்தக் கண்காணிப்புக்கு ஐநோட்டிஃபை என்று பெயர், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வரம்பு முட்டினால் "இந்தப் பெரிய அடைவில் மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை" என்று அறிவிப்பு வரும். பழைய கர்னல்களில் இந்த வரம்பு 8192, 5.11க்குப் பிறகு ராமைப் பொறுத்து அதுவே கூட்டிக்கொள்கிறது. கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பில் 524288 என்று ஏற்றச் சொல்லித்தான் எல்லோரும் எழுதுவார்கள். அது சரிதான், ஆனால் வேலை செய்கிற அடைவை மட்டும் திறந்தால் பெரும்பாலும் அந்தத் தேவையே வராது.

இவ்வளவும் செய்த பிறகும் இழுத்தால் எடிட்டரை மாற்றத்தான் வேண்டும். என் வாக்கு ஜீனிக்கு. 2005இலிருந்து இருக்கிறது, சின்னது, பைத்தானை எஃப்5 தட்டினால் ஓட்டிக் காட்டிவிடும், சி நிரலென்றால் எஃப்9 தட்டிக் கட்டிவிட்டு எஃப்5, 2 ஜிபி மெஷினிலும் முக்காது. கொஞ்சம் தெம்பான மெஷின் என்றால் கேடிஇ என்ற டெஸ்க்டாப் குழுவினரின் கேட் எடிட்டர். அதில் லாங்குவேஜ் சர்வர் இணைப்பும் உண்டு, இருந்தும் விஎஸ் கோட் அளவுக்குத் தின்னாது. ஆட்டம் என்ற எடிட்டரைப் போடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அதை 2022 டிசம்பர் 15ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள், அதன் வாரிசாக பல்சர் என்ற ஒன்று ஓடுகிறது. 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள் விஎஸ் கோட் தேடி அலைய வேண்டாம், 2019லேயே அந்தக் கதவு சாத்தியாயிற்று.

## இன்ஸ்டால் பாதியில் நின்றது, இப்போது எதுவுமே ஏறவில்லை

டவுன்லோடு பாதியில் அறுந்தால் பயமில்லை. ஆப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். டெப் கோப்பை (உபுண்டு, டெபியன் வகைகளுக்கான நிரல் பொதி) நேரடியாக இறக்குகிறீர்கள் என்றால் பிரவுசரை நம்பாமல் "டபிள்யூகெட் ஹைஃபன் சி" போட்டு இறக்குங்கள், சிக்னல் வந்து வந்து போனாலும் அதுவும் தொடரும்.

தொல்லை எங்கே என்றால், இறக்கி முடித்து இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. பேட்டரி செத்த லேப்டாப் அப்படியே அணைந்துவிடும். அடுத்த தடவை ஆப்ட் "டிபிகேஜி பாதியில் நிறுத்தப்பட்டது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சுடோ டிபிகேஜி, கான்ஃபிகர், ஹைஃபன் ஏ" (கான்ஃபிகருக்கு முன் இரண்டு ஹைஃபன்), அதன் பிறகு "சுடோ ஆப்ட் ஃபிக்ஸ் ப்ரோக்கன் இன்ஸ்டால்" (ஃபிக்ஸுக்கு முன் இரண்டு ஹைஃபன், ஃபிக்ஸுக்கும் ப்ரோக்கனுக்கும் நடுவில் ஒன்று). இந்த இரண்டில் பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்துவிடும். ஹாஷ் (இறங்கியது சிதையவில்லையா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்றால் "ஆப்ட் க்ளீன்" கொடுத்து, மறுபடி "அப்டேட்".

ஆப்இமேஜை (இன்ஸ்டால் செய்யாமல் ஒரே கோப்பாக ஓடும் நிரல்) இருமுறை கிளிக் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் அதற்கு இயக்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள், அப்புறம் அதை ஓட்டத் தேவையான லிப்ஃப்யூஸ் நூலகம் இருக்கிறதா என்று. உபுண்டு 24.04இல் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டால் எலக்ட்ரான் ஆப்இமேஜ்கள் சாண்ட்பாக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட டெப் கோப்பைப் போடுவது எளிது.

## ஜன்னல் திறக்கிறது, உள்ளே வெறும் கறுப்பு

பழைய கிராபிக்ஸ் சிப், அல்லது அதன் டிரைவர். "கோட்" கட்டளையோடு "டிஸேபிள் ஜிபியூ" கொடியைக் கொடுங்கள். தெரிந்தால் காரணம் அதுதான். கமாண்ட் பேலட்டில் ரன்டைம் ஆர்க்யுமென்ட்ஸ் என்று தேடி, வருகிற கோப்பில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

## டெர்மினலில் ஜிசிசி இருக்கிறது, எடிட்டருக்குள் போனால் இல்லை என்கிறது

இது ஃப்ளாட்பேக் என்ற பொதி முறையின் வேலை. அதன் சந்தையான ஃப்ளாட்ஹப்பிலிருந்து வந்த எடிட்டர் தனிக் கூண்டுக்குள் ஓடுகிறது, உங்கள் மெஷினில் நீங்கள் போட்ட ஜிசிசியும் (சி நிரலைக் கட்டும் கம்பைலர்) பைத்தானும் அதன் கண்ணுக்குத் தெரியாது. உள்ளிருக்கும் டெர்மினலும் அந்தக் கூண்டின் டெர்மினல்தான். "ஃப்ளாட்பேக் ஸ்பான் ஹோஸ்ட்" என்று சுற்றி வளைத்து வெளியே எட்டிப் பார்க்க முடியும், ஆனால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு அந்தத் தலைவலி தேவையே இல்லை. எந்த வழியில் போட்டோம் என்று மறந்திருந்தால் "ஃப்ளாட்பேக் லிஸ்ட்", "ஸ்னாப் லிஸ்ட்" (ஸ்னாப் இதேபோன்ற இன்னொரு பொதி முறை) இரண்டையும் தட்டிப் பாருங்கள். எடிட்டர் அங்கே இருந்தால் எடுத்துவிட்டு டெப் போடுங்கள். மற்ற செயலிகளுக்கு ஃப்ளாட்பேக் நல்லதுதான், கோட் எழுதுகிற எடிட்டருக்கு ஒத்துவரவில்லை என்பது என் கருத்து.

## மற்ற இடத்தில் தமிழ் வருகிறது, எடிட்டருக்குள் வரவில்லை

"அக்கா, பிரவுசர்ல அடிச்சா வருது, இதுல வரமாட்டேங்குது" என்று வாரத்தில் யாராவது ஒருவர் கேட்கிறார்கள். பிரவுசரிலும் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரிலும் தமிழ் விழுகிறது என்றால் ஐபஸ் (தமிழ்த் தட்டச்சைக் கையாளும் நிரல்) ஒழுங்காக இருக்கிறது. அதைப் பிரித்து மேய வேண்டாம். எடிட்டர் ஸ்னாப்பிலோ ஃப்ளாட்பேக்கிலோ வந்ததா என்று பாருங்கள். ஸ்னாப் தன் லைப்ரரிகளைத் தானே சுமந்து வருவதால் உங்கள் ஐபஸோடு பேசாமல் போகிற வழக்கம் அதற்கு உண்டு. டெப் போட்டதும் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டெப்பிலும் வரவில்லை, வேலேண்டில் (திரையைக் கையாளும் புதிய முறை) ஓடுகிறீர்கள் என்றால் "எனேபிள் வேலேண்ட் ஐஎம்இ" கொடியோடு திறந்து பாருங்கள்.

எங்கேயுமே வரவில்லை என்றால் கதை வேறு. ஐபஸ்-எம்17என் பொதியைப் போட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வந்து, கீபோர்டு பட்டியலில் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். பட்டியலில் தமிழ்99 என்று இரண்டு மூன்று தெரியும். அடைப்புக்குறிக்குள் எம்17என் என்று இருப்பதை எடுங்கள். மற்றது வெறும் விசை வரைபடம். தானாகப் புள்ளி வைப்பது, மெய்யோடு உயிர் சேர்ப்பது என்ற தமிழ்99 விதிகள் அதில் வேலை செய்யாமல், "கீபோர்டே தப்பு" என்று தோன்றும்.

இதன் தலைகீழ் அறிகுறி ஒன்று உண்டு: டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டரான விம்மில் எந்தக் கட்டளையும் எடுபடவில்லை. மூலையில் பாருங்கள், தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும். விம்மின் கட்டளை நிலைக்கு ஆங்கில எழுத்துதான் புரியும், அதற்குத் தமிழெழுத்து போய்ச் சேர்ந்தால் பேசாமல் இருக்கும். விம்மோடு வருகிற தமிழ் கீமேப் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், அது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கு எழுதியது, இன்றைய யூனிகோட் கோப்புக்கு உதவாது.

விஎஸ் கோடில் கண்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் திருத்தப் பரிந்துரை வர வேண்டும். அதற்குப் பதில் அடிக்கோட்டோடு ஓர் ஆங்கில "இ" முளைத்தால் ஐபஸின் இமோஜி குறுக்குவழி அந்த விசையைப் பறித்துக்கொண்டது என்று பொருள். ஐபஸ் செட்டப்பில் இமோஜி டேபில் போய் நீக்கிவிடுங்கள்.

## தமிழ் எழுத்து கட்டமாகவோ உடைந்தோ தெரிகிறது

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழ்ப் பொதியை ஏற்றுங்கள். விஎஸ் கோடில் ஃபான்ட் ஃபேமிலி அமைப்பில் உங்கள் ஆங்கில எழுத்துருவுக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்துவிடுங்கள். ஜீனி, கேட் இரண்டும் தாமாகவே தேடிக்கொள்ளும்.

எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறுகிறது, அதுவும் டெர்மினலுக்குள் திறந்த விம்மிலும் நானோவிலும்தான் என்றால், அது டெர்மினலின் குறை. ஒவ்வொரு குறியையும் சமமான கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது, தமிழ் அதற்குள் அடங்காது. கான்சோல் என்ற கேடிஇ டெர்மினல் ஓரளவு ஒழுங்காகக் காட்டுகிறது. தமிழ் அதிகம் எழுத வேண்டிய கோப்பை ஜன்னல் உள்ள எடிட்டரில் திறப்பதே நிம்மதி. அங்கேயும் தமிழ்க் குறிப்புகள் நெடுக்குவாட்டில் நேராக நிற்கவில்லை என்று வருந்த வேண்டாம், "ர"வும் "ணை"யும் ஒரே அகலத்தில் எப்படி நிற்கும்.

## பார்க்க ஒரே சொல், நிரல் மட்டும் வேறு வேறு என்கிறது

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை விழுங்குவது இதுதான்.

பச்சைத் தேயிலை எடைக் கணக்கை வைத்து ஒரு பயிற்சி கொடுப்பேன்: ஊர் பெயர், தேதி, எத்தனை கிலோ, ஊர்வாரியாகக் கூட்டு. வீட்டில் தோட்டம் இருக்கிற பிள்ளைகள் என்பதால் கணக்கில் தப்பு வந்தால் அவர்களுக்கே உறைக்கும். கூட்டி முடித்தால் கோத்தகிரி என்று இரண்டு வரி வரும், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கிலோ. எழுத்துப்பிழை இல்லை, கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. உடனே எடிட்டரைச் சந்தேகிப்பார்கள்.

பைத்தானில் இரண்டு சொல்லுக்கும் "லென்" போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 9 வரும், மற்றொன்றுக்கு 10. யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம். "க"வோடு "ோ" என்ற ஒரே குறி சேர்ந்தது ஒரு விதம். "க"வோடு இரட்டைக் கொம்பு தனியாக, கால் தனியாக என இரண்டு குறி சேர்ந்தது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேபோல விழும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சரம். ஒரு போன் கீபோர்டு ஒருவிதமாகத் தரும், பழைய கோப்பிலிருந்து மாற்றி எடுத்தது இன்னொரு விதமாக வரும், தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டுகிறவர்கள் மூன்றாவது ரகளை செய்வார்கள். கொணவக்கரை, கொடநாடு, கௌரி என்று ஒ, ஓ, ஔ வரிசை எங்கே வந்தாலும் இந்த அபாயம் உண்டு. ஔகார உயிர்மெய்யில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது, கடைசிக் குறிக்குப் பதில் "ள" எழுத்தையே தட்டியிருப்பார்கள்; பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும்.

தீர்வு எளிது. கோப்பைப் படித்தவுடனேயே "யூனிகோட்டேட்டா" மாட்யூலில் உள்ள "நார்மலைஸ்" வழியாக எல்லாச் சொற்களையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பிரித்து எழுதியதெல்லாம் ஒன்றாகிவிடும். "ள" தட்டிய பிழையை அது திருத்தாது, அது நிஜமாகவே எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

என்எஃப்சிக்குப் பிறகும் இரண்டு வரி வந்தால் சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒளிந்திருக்கும்: சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி, அல்லது அகலமே இல்லாத இணைப்புக் குறி. இடைவெளிக்கு "ஸ்ட்ரிப்" போதும். அகலமில்லாக் குறிகளை "ரீப்ளேஸ்" போட்டுத்தான் எடுக்க வேண்டும். விஎஸ் கோட் 2021 கடைசியிலிருந்து இத்தகைய குறிகளை மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டுகிறது, அந்த ஒரு வசதிக்காகவே தரவுக் கோப்பை அதில் ஒருமுறை திறந்து பார்க்கலாம். அதே குறி நிரலுக்குள்ளேயே விழுந்திருந்தால் பைத்தான் "அச்சிட முடியாத எழுத்து" என்று வரி எண்ணோடு கத்தும். அந்த வரியை முழுசாக அழித்துத் திரும்பக் கையால் தட்டுவது தேடிக்கொண்டிருப்பதைவிட வேகம்.

பைத்தான் 3இல் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம், பிள்ளைகள் ஆசையாக வைப்பார்கள். அங்கே இந்தச் சிக்கல் வராது, மாறிப் பெயர்களை பைத்தானே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைத்தான் அது தொடாது.

## வெளியிலிருந்து வந்த கோப்பு, திறந்தால் சரி, ஓட்டினால் பிழை

விண்டோஸ் மெஷினில் எழுதி பென்டிரைவில் வந்த கோப்பு என்றால் வரி முடிவுகளைப் பாருங்கள். பேஷ் ஸ்க்ரிப்டை ஓட்டும்போது "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று வந்து, பெயரின் கடைசியில் ஒரு மேற்கூரைக் குறியும் "எம்" எழுத்தும் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். "டாஸ்2யுனிக்ஸ்" போட்டு மாற்றுங்கள். விஎஸ் கோடில் கீழ்ப்பட்டியில் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வரி முடிவு) என்று இருப்பதைக் கிளிக் செய்து எல்எஃப் (லினக்ஸ் வரி முடிவு) ஆக்கினாலும் போதும். "ஃபைல்" என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வரி முடிவையும், தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கிறதா என்பதையும் சொல்லிவிடும்.

பைத்தானில் டேப் பிழை என்றால் பாதி வரி டேபிலும் பாதி வரி இடைவெளியிலும் தள்ளியிருக்கிறது. எடிட்டரில் வெள்ளை இடங்களைக் காட்டும் வசதியை ஆன் செய்தால் அம்பும் புள்ளியுமாகத் தெரியும், எல்லாவற்றையும் நான்கு இடைவெளியாக்குங்கள். மேக்ஃபைலுக்கு மட்டும் நேர்மாறு, அங்கே டேப்தான் வேண்டும், இல்லையென்றால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நிற்கும்.

பழைய தமிழ்க் கோப்பு திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது என்றால் குறியாக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான். "தமிழ்" என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். அதை யூனிகோடாக மாற்றித்தான் எடுக்க வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினிக்கும் டிஸ்கிக்கும் மாற்றி இருக்கிறது.

## கரண்ட் போய் வந்தது, விம் ஏதோ பெரிய எச்சரிக்கை காட்டுகிறது

ஆடிக் காற்றில் கூடலூர், பந்தலூர் பக்கம், ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம், எப்படியும் ஒரு மரம் லைன் மேல் விழும். திரும்பக் கரண்ட் வந்து கோப்பைத் திறந்தால் விம் ஈ325 என்று ஆரம்பித்து ஒரு திரை முழுக்க எழுதும். பயப்படுகிற ஆட்கள் "எப்படியோ திற" என்று ஈ தட்டிவிடுகிறார்கள், பிறகு சேமிக்காத வேலை எங்கே என்று தேடுகிறார்கள். அது உங்கள் வேலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்கிற செய்தி. ஆர் தட்டுங்கள், மீட்டுத் தரும். மீட்டதை வேறு பெயரில் சேமித்து, பழையதோடு "டிஃப்" போட்டு ஒப்பிட்டு, சரியென்றால் அதை அசல் பெயருக்கு மாற்றிவிட்டு, விம் தற்காலிகமாக எழுதி வைத்த, புள்ளியில் தொடங்கும் ஸ்வாப் கோப்பை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே எச்சரிக்கை வரும். வழக்கமான அமைப்பில் விம் 200 எழுத்துக்கு ஒருமுறையோ, நீங்கள் 4 நொடி தட்டாமல் இருந்தாலோ ஸ்வாப்பில் எழுதுகிறது, ஆகவே இழப்பு பெரும்பாலும் சில வரிகளுக்கு மேல் போகாது.

ஈமேக்ஸில் இரு பக்கமும் ஹேஷ் குறி போட்ட கோப்பு இருக்கும், ரிகவர்-திஸ்-ஃபைல் கட்டளை. விஎஸ் கோட் சேமிக்காத கோப்புகளையும் தானே வைத்திருந்து அடுத்த முறை திறந்து காட்டும். கேட்டும் ஸ்வாப் வைத்துக்கொள்கிறது. ஜீனி மட்டும் தானாகச் செய்யாது, ப்ளகின் மேனேஜரில் சேவ் ஆக்ஷன்ஸ் என்பதை டிக் செய்து ஆட்டோசேவை ஆன் செய்யுங்கள், இந்த ஊரில் ஜீனி போட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. நானோவில் கரண்ட் போனால் போனதுதான்.

## மாட்டிக்கொண்டேன், வெளியே வர முடியவில்லை

விம்: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்துவிட்டு வர டபிள்யூ க்யூ. ஈமேக்ஸ்: கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் சி, நடுவில் குழம்பினால் கண்ட்ரோல் ஜி. நானோ: கண்ட்ரோல் எக்ஸ்.

பழக்க தோஷத்தில் விம்மிலோ டெர்மினலிலோ கண்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துபோனால், மெஷின் தொங்கவில்லை. கண்ட்ரோல் க்யூ அழுத்துங்கள், ஓடும். விம்மில் அம்புக்குறி விசை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்று எழுத்து விழுகிறதா? உபுண்டுவிலும் டெபியனிலும் முதலில் வருவது குறுக்கிய விம், "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்" கொடுத்து முழுசைப் போடுங்கள்.

## சேமிக்க அனுமதி இல்லை என்கிறது

கணினியின் அமைப்புகள் இருக்கும் எட்சி அடைவுக்குள் உள்ள கோப்பு என்றால் "சுடோஎடிட்" என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஒரு நகலை உங்கள் எடிட்டரில் திறந்து, நீங்கள் மூடியதும் இடத்தில் வைத்துவிடும். "சுடோ"வோடு ஜன்னல் எடிட்டரைத் திறக்கும் பழக்கம் வேண்டாம். அதன் அமைப்புக் கோப்புகள் சில ரூட் பெயருக்கு மாறிவிடும், மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் எந்த அமைப்பும் நிற்காது. ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் ஹோமில் இருக்கும் புள்ளி-கான்ஃபிக் அடைவை "சோன் ஹைஃபன் பெரிய ஆர்" கொண்டு உங்கள் பெயருக்குத் திருப்புங்கள்.

கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் கொடுத்ததும் விஎஸ் கோட் திறக்கிறது, நீங்கள் எழுதும் முன்பே "செய்தி காலி" என்று கமிட் கைவிடப்படுகிறது என்றால், கிட்டின் எடிட்டர் அமைப்பில் "கோட்"டுக்குப் பின் "வெயிட்" கொடி விட்டுப்போயிருக்கிறது.

## நண்பனிடம் இருக்கும் எக்ஸ்டென்ஷன் என்னிடம் கிடைக்கவில்லை

உங்களிடம் இருப்பது விஎஸ்கோடியமாக இருக்கும். அதே திறந்த மூலத்திலிருந்து, மைக்ரோசாஃப்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் டெலிமெட்ரி இல்லாமல் கட்டியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன் சந்தையை மற்ற எடிட்டர்கள் பயன்படுத்த அதன் விதிகள் இடம் தரவில்லை, அதனால் கோடியம் எக்லிப்ஸ் அறக்கட்டளையின் ஓப்பன் விஎஸ்எக்ஸிலிருந்து எடுக்கிறது. சிக்கு க்ளாங்டி, பைத்தானுக்கு பேஸ்ட்பைரைட், இவை அங்கே உண்டு, பிள்ளைகளுக்கு இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. நெட் மோசமான இடத்தில் ஒருவர் விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக இறக்கி பென்டிரைவில் எல்லோருக்கும் கொடுக்கலாம்; எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் அதிலிருந்து இன்ஸ்டால் செய்யும் வழி இருக்கிறது.

## சர்வரில் வேலை செய்யும்போது சிக்னல் போனால் எல்லாம் போகிறது

எஸ்எஸ்எச்சில் (தொலைவிலுள்ள சர்வருக்குள் டெர்மினல் வழியாக நுழையும் முறை) நுழைந்தவுடன் "டிமக்ஸ்" தட்டிவிட்டு அதற்குள் எடிட்டரைத் திறங்கள். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் எடிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப நுழைந்து "டிமக்ஸ் அட்டாச்" கொடுத்தால் கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் வசதியானதுதான், ஆனால் அது சர்வரில் தன் துணை நிரலை இறக்கிப் போடும், அந்தச் சர்வரில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் 2.28க்குக் கீழே இருந்தால் புதிய பதிப்புகள் இணையவே மறுக்கும். கோடியத்தில் அது கிடையாது, ஓப்பன் ரிமோட் எஸ்எஸ்எச் என்ற மாற்று உண்டு.

மெல்லிய சிக்னலில் எனக்குக் கை கொடுப்பது விம்தான். அதன் மூதாதையான விஐயை பில் ஜாய் 1976இல் எழுதியபோது வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியாகத்தான் வேலை பார்த்தார், திரை வரைந்து முடிப்பதற்குள் அடுத்ததை யோசித்துவிடலாம் என்ற வேகம். ஓரெழுத்துக் கட்டளைகள் வந்தது அதனால்தான். டி டி ஒரு வரியை அழிக்கும், யூ அதைத் திருப்பித் தரும், சாய்கோடு போட்டுத் தேடலாம். இந்த மூன்றும் சேமித்து வெளியேறுவதும் தெரிந்தால் சர்வரில் ஒரு கோப்பைத் திருத்த அதுவே போதும்.